காதுக்கு ஓய்வு

அளவெடுப்பதற்காக இரண்டு காதிலும் பசையை ஏற்றிவிட்டு, அது இறுகும்வரை பேசக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது என்று டாக்டரம்மா சைகை காட்டினார்.

தலையாட்டாதே என்று என்னிடமா சொல்வது! மாதக்கணக்கில் நான் செய்துகொண்டிருந்ததே அதுதான்.

வீட்டில் யார் என்ன சொன்னாலும் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. உதடு அசையும், நான் தலையாட்டுவேன். அப்படி ஆட்டியதில் எங்கள் ஸ்கூட்டர் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு, எதற்கு என்று திருப்பிக் கேட்க முடியுமா?

ஸ்கூட்டர் போனால் போகிறது. ஒரு நாள் மகள் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொன்னாள். நானும் கேட்டதுபோல் சிரித்துவைத்தேன். அவளுடைய சிநேகிதி படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்ட கதையாம் அது. மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நான் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் வேலை பார்ப்பவன். அந்த இரைச்சலில் யாரும் பேசுவதில்லை, எல்லாம் சைகைதான். அச்சு விழும் சத்தம் துளி பிசகினாலும் மெஷினை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் யாராவது விரலைப் பறிகொடுப்பார்கள். காது போனவனுக்கு அங்கே இடமில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து நட்டுகளைப் பிரித்துப் போட வேண்டியதுதான்.

அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் கம்பெனி அவரவர் காதுக்கு அளவெடுத்து இயர் பிளக் செய்து தருகிறதாம். அளவெடுப்பதற்கு முன்னால் காதைச் சோதிப்பார்களாம். வசமாக மாட்டிக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஹெட்போனை மாட்டிவிட்டு, ‘கீ’ என்று சத்தம் வந்தால் பட்டனை அமுக்கும்படி உரக்கச் சொன்னார். வியர்த்த விரலால் அமுக்கினேன். முடிவை மட்டும் சொல்லவில்லை. வெளியே மகளோடு இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். அப்போதே பாதி உயிர் போய்விட்டது.

மேசையில் இரண்டு இயர் பிளக் மாதிரிகள் இருந்தன. ஒன்று எல்லாச் சத்தத்தையும் அடைத்துவிடும். மற்றது மெஷின் சத்தத்தைக் குறைத்து, பேச்சை உள்ளே விடும். எது வேண்டும் என்று பிறகு சொல்லுங்கள் என்றார். போன காதுக்கு எதை அடைத்தால் என்ன!

பசை இறுகிக்கொண்டிருந்தது. எதிரே என் மனைவி வந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா அவளிடம் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் சோதனைத் தாளைக் காட்டினார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

போச்சு. எல்லாம் போச்சு.

டாக்டரம்மா என் காதிலிருந்து பசையை உருவி எடுத்தார். கலகலவென்று சத்தம் உள்ளே புகுந்தது.

மனைவி அழவில்லை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க காதுக்கு ஒண்ணுமே இல்லையாங்க! சத்தத்துல வேலை பாக்குறவங்க காதுக்கு வீட்டுலயாவது ஓய்வு குடுங்கன்னு உங்க கம்பெனி ஆபீசர் வீட்டு ஆளுங்க எங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாரு. அதான் நானும் பாப்பாவும் இத்தனை நாளா குசுகுசுன்னே பேசிட்டிருக்கோம்.”

நாற்காலிக் கால்களுக்கு அவள் பழைய சாக்ஸ் மாட்டியது ஞாபகம் வந்தது. தரை கீறாமல் இருக்க என்றல்லவா நினைத்தேன்! டிவியில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்ததும், மகள் வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்ததும் இதற்குத்தானா!

“அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“அன்னைக்கே குசுகுசுன்னு சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்களே!”

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. எனக்குக் காது இருக்கிறது, அப்பாடா, காது இருக்கிறது.

பேச்சை உள்ளே விடும் மாதிரியை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன். என்ன கலர் என்று கேட்டார். அதைச் சொல்ல வேண்டியவள் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

கூப்பிட்டதும் மகள் வழக்கம்போல நுனிக்காலில் வந்தாள். என் காதோரம் குனிந்து, ஆரஞ்சு என்று கிசுகிசுத்தாள்.

தெளிவாகவே கேட்டது.

“கேக்கலையே பாப்பா,” என்றேன். இத்தனை நாள் சொல்லப் பயந்த வார்த்தை அது.

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சரி என்று தலையாட்டினாள்.

மகள் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.