அதே மாடல் பெட்டி

மின்னணுக் கடைகள் நிறைந்த அகிஹபாராவில், பழைய கணினிப் பாகங்கள் விற்கும் மாடிக்கடையில் மதிய வெயில் சன்னல் வழியே சாய்ந்து, கண்ணாடி மேசைமேல் இருக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டில் விழுகிறது. அருகில் ரயில் கடக்கும்போதெல்லாம் அதன் குட்டி விசிறி லேசாக நடுங்குகிறது. மிட்சுரு தன் பழைய கணினிக்காக வருடக்கணக்கில் தேடிய கார்டு அது. ஆனால் கண்டெடுத்தவன் நண்பன் குவானோ. மிட்சுருவின் கணினிப் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, போன மாதம்தான் அதே மாடலை வாங்கியவன். இந்தக் கடையில் இன்றுதான் கால் வைக்கிறான். "டேய், இது என் பெட்டிக்குச் சேருமா? நீதான் சொல்லணும்" என்று கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அதை ஏந்துகிறான். மிட்சுருவுக்கு வயிறு எரிகிறது. "போட்டுத் தொலைச்சிடாதடா. மதர்போர்டே கருகிடும்." "நல்லவேளை, உன்னைக் கூட்டிட்டு வந்தேன்" என்று குவானோ கார்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு, நண்பனின் தோளில் கை போட்டுக்கொள்கிறான். மிட்சுருவின் விரல்கள் மேசை விளிம்பில் ஊர்ந்து, கார்டைத் தொடாமல் நிற்கின்றன. கடைக்காரம்மா சுகிதா அதைத் துணியால் துடைத்து மிட்சுருவின் பக்கம் நகர்த்துகிறாள். "வாராவாரம் இதைத்தானே தம்பி கேட்டு வருவீங்க? உங்க பெட்டிக்குச் சரியாப் பொருந்துமே. பையில போட்டுடவா?" தோளில் கிடக்கும் குவானோவின் கை மெதுவாக விலகுகிறது.