மரத்துக் காயம்

சுரங்க வேலையில் இருமலை வாங்கிவந்து படுத்த படுக்கையாகிவிட்ட துமிசானி, மலையிலிருந்து வந்த மனைவியிடம் கேட்டான். "மரத்துக் காயம் ஆறுதா?"

அவனுடைய கஷாயத்துக்காகப் பட்டை உரிக்கப்பட்ட மரம் அது. உரித்த இடம் மூடினால்தான் குடித்தவன் பிழைப்பான் என்பது ஊர் நம்பிக்கை.

"ஆறிக்கிட்டே வருது. இன்னைக்கும் சேறு அப்பிட்டுத்தான் வர்றேன்," என்றாள் நொம்புசோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"பொய் சொல்லாத. திருட்டுப்பயலுக சுத்திலும் உரிச்சுட்டானுங்க. மரம் பட்டுப்போச்சு."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "எந்தப் பாவி வந்து சொன்னான்?"

"யாரும் சொல்லல. நேத்து நீ சந்தைக்குப் போனப்ப நானே போய்ப் பார்த்தேன்."

"நீங்களா? அந்த மலை மேலயா?"

படுக்கையில் கிடந்தவன் மலையேறி இறங்கியிருப்பது, அவள் கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது.