உடம்பில் உலோகம் உண்டா?

“மக்சிக், கடைசியா ஒரு தடவை கேக்குறேன். உங்க உடம்புக்குள்ள எங்கயாவது உலோகம் இருக்கா?” கெல்சோமை அத்தை முறை வைத்து ‘மக்சிக்’ என்றழைத்துக் கேட்டாள் நோர்லைலா.

“பல்லுகூட என் சொந்தப் பல்லுதான், மிஸ்ஸி. கடிச்சுக் காட்டவா?” என்றாள் கெல்சோம்.

சக்கர நாற்காலியின் பின்னால் நின்ற அவள் கணவர் டெராமான் சிரிக்கவில்லை.

நோர்லைலா படிவத்தைக் கீழே வைத்தாள். கோத்தா பாருவில், அந்த மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்பவள் அவள். இந்த ஊர்ப் பெண்கள் ‘இல்லை’ என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தாள். அழகு குறையாதிருக்கவும் கட்டியவன் மனம் மாறாதிருக்கவும் போமோ என்கிற மந்திரவாதியிடம் போய், முகம் முதலிய இடங்களில் தோலுக்கடியில் பொன்னாலான வசிய ஊசி செருகிக்கொள்வார்கள். மார்க்கம் தடுத்த காரியமாதலால், உயிரே போனாலும் வெளியில் சொல்லமாட்டார்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்த பிறகும், அது தன் முகமே இல்லை என்று சாதித்தவர்கள் உண்டு.

கெல்சோம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் உள்ளே சீழ் தங்கிவிட்டது. புண் ஆறும், மூன்று மாதத்தில் மறுபடியும் வாய் திறந்து கசியும். செத்துப்போன எலும்புத் துண்டு ஒன்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. மஜ்ஜைக்குள் சீழ் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம்தான் காட்டும். மறுநாள் காலை அறுவை சிகிச்சை. எல்லை தெரிந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் லிம் சொல்லிவிட்டார்.

நோர்லைலாவின் மனத்தைக் குடைந்தது இன்னொன்று. டெராமானுக்கு வயது எழுபது. முகத்தில் ஒரு சுருக்கமில்லை. அவர் வந்ததும் பதிவு மேசைப் பெண்கள் எழுந்து நாற்காலி போட்டார்கள். இப்படிப்பட்ட மனிதர், வாயைத் திறந்தால் எள்ளும் கொள்ளுமாய் வெடிக்கிற ஒருத்தியின் நாறும் புண்ணை, ஒன்பது ஆண்டுகளாகத் தன் கையாலேயே கழுவிக் கட்டிவருகிறார். எப்படி?

“அபாங், சிலை மாதிரி நின்னு என்னத்தப் பாக்குறீங்க? அந்த நாசி கெராபு பொட்டலத்த வெளிய வச்சுட்டு வாங்க. மருந்து நாத்தம் சோத்துல ஏறிடும்” என்று கணவரை விரட்டினாள் கெல்சோம்.

“இதோ வச்சுட்டேன், இதோ” என்று அவர் ஓடினார்.

நோர்லைலா பின்னாலேயே போனாள். நடைக்கூடத்தில் அவரே தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தார்.

“மிஸ்ஸி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். யாருக்காவது உள்ள ஊசி கீசி இருந்தா என்ன ஆகும்?”

நோர்லைலாவின் காது கூர்மையாயிற்று. “சுத்தப் பொன்னுன்னா காந்தம் இழுக்காது. ஆனா பொன்னுன்னு சொல்லி போமோ எதக் கலந்தாரோ, யாரு கண்டா? இரும்பு இருந்தா இழுக்கும், சுடும். படமும் கெட்டுப்போகும். அப்புறம் டாக்டர் கண்ணக் கட்டிக்கிட்டு வெட்டுற கதைதான்.”

“படம் கெட்டுப்போகுமா?” அவர் முகம் வெளுத்தது.

“மக்சிக்குக்கு இருக்கு, இல்லியா? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க பக்சிக். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

“சேச்சே! அவளுக்கு எதுக்கு ஊசி?” என்றவர், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறைக்கிறார் என்று நோர்லைலா முடிவுகட்டினாள். டாக்டரிடம் அனுமதி பெற்று, கெல்சோமின் முகத்தையும் இடுப்பு முதல் பாதம் வரையும் எக்ஸ்ரே எடுத்தாள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள், பக்கவாட்டிலும் பார்த்தாள். ஓர் ஊசி இல்லை. ஊசி இருந்த சுவடும் இல்லை. அப்படியானால் இந்த மனிதரை இந்தப் பெண்ணிடம் எதுதான் கட்டிவைத்திருக்கிறது?

ஸ்கேன் அறையில், அந்தக் குழாயைப் பார்த்தவுடனே கெல்சோமின் வாய்வீச்சு அடங்கிவிட்டது.

“கபருக் குழிக்குள்ள வைக்கிற மாதிரி இருக்கே! வேணாம், வெளிய இழு, இழு!”

இரண்டு முறை உள்ளே அனுப்பினார்கள். இரண்டு முறையும் அலறிக் காலை உதறினாள். மயக்க மருந்து அவள் இதயத்துக்கு ஆகாது; மறுநாள் அறுவைக்குக்கூட இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போகச் செய்வதாக இருந்தார்கள்.

“அசைஞ்சா படம் கலைஞ்சிடும், மக்சிக். படம் இல்லன்னா நாளைக்குக் கால் இல்ல.”

“அப்ப அவர வரச்சொல்லு. கையப் பிடிச்சுக்கிட்டார்னா கிடக்குறேன்.”

நோயாளியுடன் ஒருவர் நிற்கலாம் என்பது விதி. நோர்லைலா கதவைத் திறந்தாள். “பக்சிக், கடிகாரம், சாவி, பெல்ட்டு எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு உள்ள வாங்க.”

டெராமான் அனைத்தையும் கழற்றினார். கேட்காமலே மோதிரத்தையும் கழற்றினார். உலோகத்தோடு யாரும் தாண்டக் கூடாதென்று தரையில் போட்டிருந்த சிவப்புக் கோடு வரை வந்தவர், அதைத் தாண்டாமல் நின்றுவிட்டார்.

“அங்க என்ன மரமா நடுறீங்க? சீக்கிரம் வாங்க!”

“வர முடியாது, சோம்.”

“ஏன்? உங்களுக்கு என்ன கேடு?”

அவர் தலை குனிந்தது. “கன்னத்துல ரெண்டு, நெத்தியில ஒண்ணு. நாப்பத்தஞ்சு வருஷமா இருக்கு. நீதான் அப்ப என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலியே… போமோகிட்டப் போனது நான்தான்.”

கெல்சோம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெல்ல மல்லாந்து படுத்துக் காலை நேராக நீட்டினாள்.

“மிஸ்ஸி, உள்ள தள்ளு, இனிமே அசையமாட்டேன். இந்த ஆள எட்டி உதைக்க எனக்கு ரெண்டு காலும் வேணும்.”