முற்றவெளியில் முதல் பாட்டு

டிலக்சன் இன்று றொக் இசையில் பேர்பெற்ற கிற்றார்க்காரன். கச்சேரிக்காக யாழ்ப்பாணம் வந்தவன், தொலைக்காட்சிப் பேட்டியில் தன் பழைய இசைக்குழுத் தலைவரைப் பற்றித்தான் சொன்னான்.

“குருநகர் மரியநேசன் அண்ணை. நான் கிற்றாரை எப்பிடி வாசிச்சாலும் ஒருநாளும் ஏசமாட்டார்.”

வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த மரியநேசன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அவர் பாடத் தொடங்கினால், மாதா பெருநாளுக்கு வந்த சனமெல்லாம் கச்சான் கடலை வாங்கப் போய்விடும். அதே சனத்துக்கு முன்னால் இன்று முற்றவெளி மைதானத்துக் கச்சேரியில் முதல் பாட்டு அவருடையது. டிலக்சனே அழைத்திருந்தான்.

“இஞ்சேருங்கோ, மானம் போகப்போகுது. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ,” என்றாள் மனைவி றஜனி.

அவர் கேட்கவில்லை. போய்ப் பாடினார். முற்றவெளியே எழுந்து நின்று கைதட்டியது.

“சத்தியமா நீங்களே பாடினது? சுருதி துளியும் பிசகேல்லை!” றஜனிக்குக் கண் கலங்கியது.

மரியநேசன் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய் டிலக்சனைக் கட்டிப்பிடித்தார்.

“உந்த மைக் எங்கை வாங்கினது, தம்பி?”

“அது வேலை செய்யாது, அண்ணை. பாடினது திரைக்குப் பின்னாலை நிண்ட பெடியன்.”

மரியநேசனின் முகம் கறுத்தது. “என்னை ஏமாத்திப்போட்டியே?”

“பெருநாள் மேடையளிலை என்ரை கிற்றார் வயரை ஸ்பீக்கர்ப் பெட்டியிலை குத்தாமலே விட்டது ஆர், அண்ணை?”

“அது உனக்குத் தெரியுமே?” என்றார் மரியநேசன்.

டிலக்சன் அவர் தோளில் கைபோட்டான்.

“யோசிக்காதேங்கோ. நானும் உப்பிடித்தான் பழகினனான்.”