பக்கத்து சீட்

"எத்தன தடவ அமுக்குனாலும் அந்த சீட்டு உங்களுக்குக் கிடைக்காது. பொம்பளைக்குப் பக்கத்து சீட்டு" என்றாள் நாகஜோதி.

காளீஸ்வரன் விடாமல் ஏழாம் நம்பரை இன்னொரு முறை அமுக்கினான். திரையில் சிவப்பாக மறுப்பு வந்தது. எட்டாம் நம்பரில், ஜன்னலோரம், நாகஜோதி என்று பெயர் போட்ட பயணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து ஊட்டிக்குப் போகிற பஸ்.

நிஜத்தில் பஸ்ஸும் இல்லை, பயணமும் இல்லை. இருவரும் கூட்டாக ஆரம்பித்த சின்னக் கம்பெனியின் மாடி அறையில், டிராவல்ஸ் நடத்தும் நல்லமுத்துவுக்காக எழுதும் டிக்கெட் புரோகிராமைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது. ஜாவா என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பயணிக்கு ஓர் அச்சு, பஸ்ஸுக்கு ஓர் அச்சு, சீட்டுக்கு ஓர் அச்சு என்று முதலில் செய்துகொள்வார்கள். பிறகு அந்த அச்சில் எத்தனை பயணிகளை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். அச்சுக்குக் கிளாஸ் என்று பெயர். அவ்வளவுதான் சங்கதி.

சோதனைக்கு வாயில் வந்த பெயரைப் போடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. காளீஸ்வரன் மட்டும் எப்போதும் இரண்டே பயணிகளைத்தான் வார்ப்பான். ஒருத்தன் காளீஸ்வரன், ஒருத்தி நாகஜோதி. ஊரும் எப்போதும் ஊட்டிதான்.

அவள் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவாள். இந்த வேலையை ஒப்படைத்ததும் அவள் சென்னைக்குப் போகிறாள். திங்கட்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவனும் தவிக்கிறான், வாய்தான் வரமாட்டேன் என்கிறது. பேச்செல்லாம் வாங்க, போங்க என்று எட்டவே நிற்கிறது. சாயங்காலமானால் அவள் திருச்சுழி பஸ்ஸில் ஏறுவாள், அவன் மல்லாங்கிணறு பஸ்ஸில் ஏறுவான்.

வெளியே புழுதிக் காற்று சுழன்றது. தூரத்தில் கருவேலங்காடு வெயிலில் அலையலையாக ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த காளீஸ்வரனுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலைத் தோட்டமாக மாறியது.

"மேட்டுப்பாளையம் தாண்டுனதும் ஜன்னலத் தொறந்து வச்சுக்கங்க. பனி உள்ள வரும். கைய நீட்டுனா நனையும்" என்றான்.

"குளிருமே."

"சால்வை எடுத்துக்கிருவோம்."

"சால்வைக்குக் கிளாஸ் எழுதலயே நீங்க."

"எழுதிட்டாப் போச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் காளீஸ்வரன் குன்னூர்வரைக்கும் போய்விட்டான். நல்லமுத்து சாயங்காலம் வந்து புரோகிராமைப் பார்க்கப்போகிறார் என்ற நினைப்பே இல்லை.

"பயணி விவரத்தையெல்லாம் பிரைவேட்டுன்னு போட்டாச்சா?" என்று அவள்தான் அவனை இறக்கிக் கொண்டுவந்தாள்.

"போட்டாச்சு."

"வெளியாளு நேரா உள்ள கைய விடக் கூடாது. கேக்கணும். கேட்டாத்தான் சொல்லும்."

"கேக்காட்டி?"

"உள்ளயேதான் கெடக்கும். வருசக்கணக்கா ஆனாலும்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அவன் ஏழாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இந்த சீட்டுக்கு வழியே இல்லயா?"

"இருக்கே. ரெண்டு பேரையும் ஒரே புக்கிங்கா போட்டா விட்டுரும். என்ன, உறவு கேக்கும்."

அப்படியே போட்டான். கேட்டது. அப்பா மகள், அண்ணன் தங்கை, கணவன் மனைவி, உறவில்லை என்று வரிசையாக வந்து நின்றது. அவன் கை மௌஸில் அப்படியே இருந்தது.

"அண்ணன் தங்கச்சின்னு போடுங்க. சோதனைதான?" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்னங்க நீங்க!" பதறிவிட்டான். "கைய வெட்டுனாலும் அதப் போட மாட்டேன்."

"அப்ப உறவில்லைன்னு போடுங்க. பக்கத்து சீட்டு தராது, அவ்வளவுதான்."

அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனான். அமுக்க முடியவில்லை. கண் கலங்கித் திரையே மங்கிப்போனது. இந்த இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது இனி இந்தப் பொய் பஸ்ஸில்கூட நடக்காது என்று நினைத்தபோது, எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"எங்கூட ஊட்டிக்கு வாரீகளா? சோதனைக்கு இல்ல. நெசமா."

நாகஜோதி அவனையே பார்த்தாள். வெளியே பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போய் ஓய்ந்தது. அவள் மெதுவாக மௌஸைத் தன் பக்கம் இழுத்து, கணவன் மனைவி என்ற வரியை அமுக்கினாள். ஏழும் எட்டும் பச்சையாக மாறின.

"கல்யாணமான மறுநாளு கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன ஊட்டி. வாரியான்னு கேக்க மூணு வருசமாச்சா உங்களுக்கு?" என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வக்கீலுக்குப் போன் போடுங்க. திங்கக்கிழமை கோர்ட்டுல டைவர்ஸ் மனுவ வாபஸ் வாங்கிருவோம்."