கார்த்திகை தெரிந்த மாலை

"ஓம் அண்ணா, லினக்ஸ் இயங்குதளம்தான்! உள்ளங்கையளவு கம்ப்யூட்டர்தான் மேல டெலஸ்கோப்பைத் திருப்புது. கொஞ்சம் பொறுங்கோவன்!"

அறைக்குள் இருந்தபடியே கஜந்தினி லாப்டொப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். டெலஸ்கோப் மொட்டைமாடியில் நின்றது. அண்ணன் யுகேந்திரன் பைக் சாவியைச் சுழற்றினான்.

"ஆறு மாசமா இதே கதை. இண்டைக்கும் ஒண்டும் தெரியேல்லையெண்டால், நான் வாங்கித் தந்த சாமானை நிலாவெளி ஹோட்டல்காரருக்கு வித்திடுவன். வாங்கிப்போக ஆள் வாசலில நிக்கிறார்."

"இந்தா, பாருங்கோ!"

திரையில் கார்த்திகை நட்சத்திரங்கள் உப்புத் தூவினாற்போல் மின்னின.

யுகேந்திரன் வாயைப் பிளந்தான். "எடியேய், கெட்டிக்காரி, விண்ணிதான் நீ! இதைப் போய் விக்கிறதே?" ஓடிப்போய் ஹோட்டல்காரரை அனுப்பிவிட்டான்.

கஜந்தினி மாடிக்குத் துள்ளி ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். டெலஸ்கோப்பின் முன்மூடியை அவள் கழற்றவேயில்லை!

பழகிப் பார்ப்பதற்கென்று அந்த மென்பொருளில் ஒரு போலிக் கமரா உண்டு. வானத்தைப் பார்க்காமலே நட்சத்திரங்களை வரைந்து காட்டும். அவசரத்தில் அதைத்தான் தெரிவு செய்திருக்கிறாள்.

"தங்கச்சி, நில்லு, நானும் நேரில பாக்க வாறன்!" படியில் அண்ணனின் காலடி கேட்டது.

நீங்கள் என்றால் முதலில் எதைத் திறப்பீர்கள், மூடியையா, வாயையா?