ஏற்றத்தில் இழுக்காத கார்

“இந்தப் பொண்ணை விட்டா வேற ஆளே இல்லையா உங்ககிட்ட?” என்று கேட்டுக்கொண்டே வெள்ளைச் சட்டைக்காரர் கார் சாவியை முதலாளியின் மேசைமேல் விட்டெறிந்தார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தேநீர்க் கோப்பையில் மோதி நின்றது.

அந்தச் சிவப்பு நிறச் சின்னக் கார் பட்டறைக்கு வருவது பதினைந்து நாளில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் சாவியை வாசலிலேயே முதலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். மாலையில் ஆள் வந்து வண்டியை எடுத்துப்போனான். இன்றைக்குத்தான் நின்று சண்டை போட நேரம் ஒதுக்கியிருந்தார்.

“என்ன சார் பிரச்சினை?” என்றார் முதலாளி.

“அதே எழவுதான். நின்ன இடத்துலேர்ந்து கிளப்பினா இழுக்கவே மாட்டேங்குது. ஃபர்ஸ்ட் கியர்ல முக்குது, செகண்ட் போட்டா செத்தே போகுது. வேகம் எடுத்தப்புறம் மட்டும் பறக்குது. ஊருக்குள்ள பறக்கவா நான் கார் வாங்கினேன்?”

மெக்கானிக் பெண் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். காரைப் பார்த்தபோதே அவள் முகம் கறுத்துவிட்டது. முடித்து அனுப்பிய வேலை திரும்பி வந்தால் யாருக்குத்தான் முகம் மலரும்?

“எனக்கு இன்ஜினைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா வேலை தெரிஞ்சவன் கை வெச்சா ஒரே தடவைல முடியும்னு தெரியும். இப்படி இடது கையால முடுக்கினா எதுதான் நிக்கும்?”

அவள் இன்னும் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் இத்தனை பேச்சு.

“சார், உட்காருங்க, ஒரு டீ…”

“டீ குடிக்கவா வந்தேன்?”

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் யாராவது குரலை உயர்த்திவிட்டால் அவருக்கு முதுகெலும்பு எங்கே போகுமோ தெரியாது.

அவள் முதலாளியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னாலிருந்த ஏற்றத்தில் காரை ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான். பாதி ஏற்றத்தில் கார் திணறி நின்று, பின்னால் வந்தவர்களிடம் இரண்டு ஹாரனும் ஒரு வசவும் வாங்கிக்கொண்டது. திரும்பி வந்ததும் டார்ச் விளக்கோடு இன்ஜினுக்குள் தலையை விட்டவள், ஐந்து நிமிடம் கழித்துத்தான் நிமிர்ந்தாள்.

இந்தக் காருக்கு இன்ஜின் சின்னது. அதற்குள் காற்றைத் திணிக்கத்தான் சூப்பர்சார்ஜர். திணித்த காற்று வந்த வழியே ஓடிவிடாமல் அடைக்க ஒரு சின்னத் தகடு உண்டு. தகடு எதுவரை மூட வேண்டும் என்பது ஒரே ஒரு ஸ்க்ரூவின் கையில்; அந்த ஸ்க்ரூ நகராமல் இறுக்கிப் பிடிக்க ஒரு நட்டு. அது கொஞ்சம் பிசகினாலும் மெதுவாகப் போகும்போது வண்டி நோஞ்சானாகிவிடும்.

“அண்ணே, இங்க பாருங்க. போன தடவை இந்த ஸ்க்ரூ மேலயும் நட்டு மேலயும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு போட்டேன். இப்ப கோடு ரெண்டா உடைஞ்சு நிக்குது.”

“ஆட்டத்துல லூசாகியிருக்கும்மா.”

“தானா லூசானா நட்டும் லூசா இருக்கணுமே. நட்டு கல்லு மாதிரி இருக்கு. யாரோ ஸ்க்ரூவைத் திருப்பிட்டு, மறுபடியும் நட்டைப் போட்டு முடுக்கியிருக்காங்க.”

வெள்ளைச் சட்டைக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “கேட்டீங்களா கதையை! யாரோ திருப்பினாங்களாம்! இவளைத் தவிர இந்த பானெட்டைத் திறந்தது யாரு? இவளே கெடுத்து வெப்பாளாம், அப்புறம் இவளே கண்டுபிடிப்பாளாம்!”

முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா… நீயே…?”

அந்த அரைக் கேள்விதான் அவளைச் சுட்டது. எட்டு மாதமாகக் காலையில் பட்டறையைத் திறப்பதும் அவள்தான், சாயந்திரம் பூட்டுவதும் அவள்தான். இந்த ஒரு வேலையை நம்பித்தான் தெருக்கோடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாகக் குடியிருக்கிறாள்.

“நீங்களும் நம்புறீங்களாண்ணே?”

முதலாளி கோப்பைக்குள் பார்த்தார்.

“இங்க பாருங்க,” என்று மேசையைத் தட்டினார் வெள்ளைச் சட்டைக்காரர். “இவளை இன்னிக்கே, இப்பவே அனுப்பணும். இல்லன்னா உங்க பட்டறை பேரு சந்தி சிரிக்கும். எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் வண்டிகூட இந்த வாசலை மிதிக்காது.”

“ஒரு வாரம் லீவு போட்டுட்டு வீட்டுல இரும்மா,” என்றார் முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே. “அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த ‘அப்புறம்’ ஒருபோதும் வராது என்று மூன்று பேருக்கும் தெரியும். வந்ததிலிருந்து முதல் முறையாக வெள்ளைச் சட்டைக்காரரின் முகம் இளகியது.

அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. இடது கையால் ஸ்பேனரை எடுத்து ஸ்க்ரூவைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நட்டை முடுக்கினாள். பானெட்டை அறைந்து மூடினாள். சாவியைக் கொண்டுபோய் வெள்ளைச் சட்டைக்காரரின் உள்ளங்கையில் வைத்து, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“எத்தனை தடவை வேணா திருப்பி வைங்க. நான் வீட்டுக்கு வரமாட்டேன், அப்பா.”